அக்கா தாழிட்டுக்கொண்ட அறை

என் அக்கா வீட்டுக்காரர் முப்பது வருடமாகப் பிறத்தியார் வீட்டுச் சுவர்களை இடித்துப் பிழைத்தவர். நான் அவரை 'அத்தான்' என்று கூப்பிடுவேன். கோபம் வந்தால் 'கடப்பாரை' என்பேன். பெரும்பாலும் கடப்பாரைதான்.

எங்கள் புறநகரில் தெருவைப் பார்த்தே வீட்டின் வயதைச் சொல்லிவிடலாம். முதல் தெருவில் ஒன்றரை அடி கனத்தில் சுண்ணாம்புச் சுவர்கள், அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் கூரை. அடுத்த இரண்டு தெருக்களில் மொசைக் தரை, தீப்பெட்டி தீப்பெட்டியாக அறைகள், எல்லாவற்றுக்கும் கதவு. அதற்கப்புறம் வந்தவர்கள் திரும்பின பக்கமெல்லாம் தூணும் வளைவுமாகக் கட்டினார்கள். கடைசித் தெருவில் உள்சுவரே கிடையாது. சோபாவில் உட்கார்ந்தபடி அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்கலாம். மற்ற தெருக்காரர்கள் எல்லோரும் அந்த மாதிரி வேண்டும் என்று அத்தானிடம் வந்து நிற்பார்கள். எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது, எது சும்மா நிற்கிறது என்று பார்த்து, சும்மா நிற்பதன் மேல் சிவப்பு சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவார். "வேலை செய்யாத சுவர் வீட்டுக்கு எதுக்கு?" என்பார். மனுஷர்களையும் இந்தக் கணக்கில்தான் பார்ப்பாரோ என்று எனக்குச் சந்தேகம்.

அக்கா விஷயத்தில் அப்படியில்லை. நான்கு வருடத்தில் அவளுக்குப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. ஒருநாளும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டார். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. மொசைக் காலத்து வீடு அவர்களுடையது. சுவரைத் தடவித் தடவியே மனப்பாடம் செய்துவிட்டாள். வாசலிலிருந்து நடையில் பதினோரு எட்டு. வலப்பக்கம் சமையலறை, இடப்பக்கம் ஸ்டோர் ரூம். புதிதாக வருகிறவர்கள், அவளுக்குக் கண் தெரியாது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அத்தானுக்கு ஒரே கவலை, அவள் எங்காவது முட்டிக்கொள்வாள் என்று. கண்ணில் இன்னொரு ஆபரேஷன் செய்து, அதுவும் பலிக்காமல், அவளை என் வீட்டில் நாற்பது நாள் வைத்திருந்தேன். அந்த நாற்பது நாளில் நடை, ஸ்டோர் ரூம், சமையலறைச் சுவர் எல்லாவற்றையும் இடித்து ஒரே கூடமாக்கிவிட்டார். என்னிடம்கூட மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் அந்தக் கடப்பாரையாலேயே நாலு போட்டிருப்பேன்.

நான் அவளைத் திரும்பக் கூட்டிவந்த அன்று, "நேரா நட. முட்டிக்க எதுவுமே இல்ல," என்றார் பெருமையாக.

அக்கா நேராகத்தான் நடந்தாள். பதினோரு எட்டு. இடப்பக்கம் திரும்பினாள். வெறும் காற்றில் ஒரு கதவைத் தள்ளித் திறந்து, உள்ளே போய், சாத்திக்கொண்டாள்.

"பழக்கதோஷம். ரெண்டு நாள்ல சரியாயிடும்," என்று அத்தான் சிரித்தார்.

சரியாகவில்லை. என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. அவள் அந்த இடத்தில் நிற்கும்போது, மூன்றடி தள்ளி நின்று கூப்பிட்டாலும் அவளுக்குக் கேட்காது. அவள் முணுமுணுப்பதும் அடைத்த அறைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மந்தமாகத்தான் வரும். கதவைத் திறந்து வெளியே வந்த பிறகு, "கூப்டியாடி? உள்ள இருந்தேன், கேக்கல," என்பாள்.

"வெளிய இருக்கறது யாரு வீடோ? நம்ம வீட்ல மிச்சம் இது ஒண்ணுதான் இருக்கு," என்று ஒருநாள் சொன்னாள்.

அதன்பின் உள்ளே இருக்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. சாப்பாடு குறைந்தது. ஒரு மத்தியானம் உள்ளே போனவள் விரலை வளைத்துத் தாழ்ப்பாளையும் போட்டாள். மறுநாள் பகல் பதினோரு மணி வரை வரவில்லை. தரையில் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம்.

பொறுக்க முடியாமல் அத்தான் நேரே போய், சுவர் இருந்த இடத்தின் வழியாக, அவள் தோளைத் தொட்டார். அவள் வீறிட்டு அலறினாள்.

"யாரு? தாழ் போட்டிருக்கேனே! எப்படி உள்ள வந்த?"

"நான்தாம்மா..."

"இல்ல! அவர் குரல்ல பேசாத. எங்க வீட்டுக்காரர் சுவர் வழியா வரமாட்டார்."

மூலைக்கு நகர்ந்து, முகத்தைக் கைகளால் மறைத்துக்கொண்டாள். அத்தான் பின்வாங்கி வந்து என் பக்கத்தில் நின்று, குழந்தை மாதிரி அழுதார். "எல்லாத்தையும் அளந்தேன்மா, அவளை ஒரு வார்த்தை கேக்கல," என்றார். முதல் தடவையாக அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டார். கதவு இருந்த இடத்துக்குச் சரியாகப் போய் நின்று, விரலை மடக்கி மூன்று முறை தட்டினார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அக்கா தலையைத் தூக்கினாள். எழுந்து, தட்டுத்தடுமாறி வந்து, தாழை நீக்கினாள்.

"இத்தனை நாளா எங்கங்க போயிட்டீங்க?" அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது.

"உள்ள வரலாமா?"

"இதென்ன கேள்வி?"

அத்தான் என்னை ஒருமுறை பார்த்தார். காலைத் தூக்கி, இல்லாத வாசற்படியைத் தாண்டினார். அக்கா கதவைச் சாத்தித் தாழிட்டாள். சொம்பை இரண்டு கையாலும் பிடித்து மடமடவென்று குடித்தாள். அவர் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். சிரிப்பு மந்தமாக, எங்கோ உள்ளேயிருந்து வந்தது.

எனக்கு உயிர் வந்தது. "அப்பாடா! அவளைக் கூட்டிட்டு வெளிய வாங்க, அத்தான்," என்றேன்.

அவர் முதுகு எனக்கு ஒரு கை தூரத்தில்தான் இருந்தது.

"அத்தான்!"

அவர் திரும்பவில்லை. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். நீட்டப் பயமாக இருந்தது.