கத்தினால் திறக்கும்

"இந்த வயருக்கு அப்பா அம்மா யாரு?"

கேள்வி மேஜைக்கு அடியிலிருந்து வருகிறது. யாரும் பதில் சொல்வதில்லை, கேட்டவரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு நீல வயரை இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டு, அது போகும் வழியெல்லாம் முழங்காலால் நகர்ந்து போகிறார். அலமாரிக்குப் பின்னால் நுழைகிறார். தண்ணீர் கேனைச் சுற்றி வருகிறார். என் நாற்காலியருகே வந்து, "கொஞ்சம் காலைத் தூக்குங்க" என்கிறார். கடைசியில் அந்த வயர் எதிலும் போய்ச் சேராமல் சுவரோரம் சும்மா முடிந்து கிடக்கிறது. "அநாதை" என்று அறிவித்துவிட்டு, அதைச் சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொள்கிறார். அந்தப் பைக்குள் ஏற்கெனவே பல அநாதைகள் இருக்கின்றன.

சின்ன அலுவலகங்களுக்கு இணையப் பாதுகாப்பு போட்டுக் கொடுப்பது அவர் தொழில். ஐம்பதை ஒட்டிய வயது. கழுத்தில் ஒரு சின்ன டார்ச் தொங்கும். பேன்ட் முழங்காலில் மட்டும் வெளுத்திருக்கும். நின்றபடி அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. எங்கள் ஆபீஸில் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர். அவர் காதுபடவே அப்படிக் கூப்பிடுவோம். திரும்பிப் பார்ப்பார்.

எங்களுடையது ஒரு ஆடிட்டரின் அலுவலகம். ஊரார் கணக்கையெல்லாம் சரிபார்க்கிறோம். போன மாதம் யாரோ ஒருவர், பரிசு விழுந்திருப்பதாக வந்த மின்னஞ்சலைத் திறந்துவிட்டார். எல்லாக் கோப்புகளும் பூட்டிக்கொண்டன. அவற்றை மீட்கும்வரை நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மின்னஞ்சலைத் திறந்தது யார் என்று ஆடிட்டர் விசாரிக்கவே இல்லை. அதிலிருந்தே யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மறுவாரம் பூட்டு வந்தார்.

வந்தவர், கறுப்பாக ஒரு பெட்டியை மூலையில் வைத்து, இனி எல்லோருடைய இணையமும் இது வழியாகத்தான் போய் வரும் என்றார். இதுதான் ப்ராக்ஸியாம். அப்படியென்றால் என்ன என்று கேஷியர் கேட்டார். "நீங்க கடைக்குப் போகாம ஆள் அனுப்புறீங்க இல்ல? அந்த ஆளு. வேணுங்கறத அவன் வாங்கிட்டு வருவான். கடைக்காரனுக்கு உங்க மூஞ்சி தெரியாது." அப்படியானால் ஃபயர்வால்? "அந்த ஆள் எந்தக் கடைக்குப் போகலாம், எதுக்குப் போகக் கூடாதுன்னு வாசல்ல நின்னு பார்த்துக்கிறவன்." கேஷியருக்குத் திருப்தி. கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையோடு திரும்பி வரும் ஆளை அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

பூட்டின் வேலைமுறை தனி. "மத்தவங்க என்ன பண்ணுவாங்க, ஒவ்வொருத்தரா உக்கார வெச்சு, உங்களுக்கு என்னென்ன பக்கம் வேணும்னு கேப்பாங்க. யாராவது நிஜத்தச் சொல்லுவாங்களா? நான் கேக்கறதே இல்ல. மொதல்ல எல்லாத்தையும் மூடிடுவேன். அப்புறம் கத்துறவங்களுக்குத் திறப்பேன்." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு கலைஞனின் களை வரும். கத்தல்தான் அவருக்கு ஆதாரம். யாரும் கத்தாத பக்கம் தேவையில்லாத பக்கம். ஒரு நாள் முழுக்கக் காது கொடுத்து உட்கார்ந்தால் அந்த ஆபீஸ் உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும் என்பார்.

அவருக்கு இன்னொரு கொள்கையும் உண்டு: ஆள் பார்த்துத் திறப்பதில்லை. திறந்தால் எல்லோருக்கும், இல்லையென்றால் யாருக்கும் இல்லை. இதில் தன்னையும் அவர் சேர்த்துக்கொள்வார். ஒரு முறை, வீட்டிலிருந்தபடியே ஒரு தொழிற்சாலைக்கு விதிகள் எழுதியிருக்கிறார். வெளியிலிருந்து யாரும் உள்ளே வரக் கூடாது என்ற விதியை எழுதி, சரியென்று அழுத்தினார். விதி உடனே வேலை செய்தது. வெளியில் இருந்தவர்களில் அவரும் ஒருவர். பஸ் பிடித்து நேரில் போனால், வாசலில் காவலாளி அனுமதிக் கடிதம் கேட்டிருக்கிறார். கடிதம் இல்லை. மேனேஜர் சாப்பாடு முடிந்து வரும்வரை வெயிலில் நின்றிருக்கிறார். "கோவம் வரலையா?" என்று கேட்டேன். "கோவமா? அவன்தான்யா வேலைக்காரன். நான் என்ன சொல்லியும் விடலையே" என்றார். குரலில் மரியாதை இருந்தது.

எல்லாவற்றையும் மூடிய நாளன்று காலை, ஆடிட்டர் தன் அறை வாசலில் நின்று ஒரு சின்ன உரை நிகழ்த்தினார். "ஆபீஸ் வேலைக்கு வேணுங்கறத அவர்கிட்ட கேளுங்க. வேற எதுக்காவது திறக்கணும்னா, என் ரூமுக்கு வந்து காரணம் சொல்லணும்." எங்கள் கைபேசிகள் எப்போதும்போல வாசலில் இருக்கும் மரப்பெட்டிக்குள் போயிருந்தன. அவற்றுக்கு மாலைவரை விடுதலை கிடையாது. பூட்டு தன் மடிக்கணினியுடன் மூலையில் தரையில் உட்கார்ந்து, ஒரு விசையை அழுத்தினார். பிறகு காத்திருந்தார்.

முதல் கத்தல் கேஷியருடையது. "வங்கி போச்சு!" பூட்டு திறந்தார். வரித் துறைப் பக்கம் போனது, திறந்தார். நானும் கத்தினேன். ஒரு ஜோடி செருப்பு வாங்கும் கட்டத்தில் பாதியில் நின்றிருந்தேன். வேலைக்குத் தேவை என்றேன். "செருப்பு எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்டார். நான் கணக்குப் பக்கம் திரும்பினேன்.

சற்று நேரத்தில் ஆடிட்டரே வெளியே வந்தார். அவர் கத்தவில்லை. தொண்டையைக் கனைத்தார். அவருடைய ஒரு பக்கம் வரவில்லையாம். என்ன பக்கம் என்று பூட்டு கேட்டார். ஆடிட்டர் குனிந்து அவர் காதருகே சொன்னார். பூட்டுக்கு ரகசியம் பேச வராது. "செஸ்ஸா? ஆட்டம் பாதியில இருக்கா?" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி விசாரித்துவிட்டு, "திறந்தா எல்லாருக்கும் திறந்துடும் சார். ஆள் பார்த்துத் திறக்குற பழக்கம் எனக்கு இல்ல" என்றார். ஆடிட்டர் எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். எல்லோரும் குனிந்து வேலை செய்தோம். அவர் உள்ளே போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் கத்தல் ஓய்ந்தது. முடிந்தது என்று பூட்டு பையை மூட வேண்டியதுதான். கடைசியாக ஒரு வயரைச் சரிசெய்ய எங்கள் மேஜைக்கு அடியில் போனவர், அங்கேயே இருந்துவிட்டார். சற்றுக் கழித்துத் தலையை மட்டும் வெளியே நீட்டி, என் பக்கத்து இருக்கையைக் கண்ணால் காட்டினார்.

அங்கே இருப்பவர் வவுச்சர் அக்கா. வவுச்சர்களைப் பிரித்து அடுக்குபவர். அவர் குரலைக் கேட்டவர்கள் ஆபீஸிலேயே குறைவு. அன்று காலையிலிருந்து ஒரே விசையைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு தட்டு, கொஞ்ச நேரம், மறுபடி ஒரு தட்டு. மேஜைக்கு மேலே முகம் எப்போதும்போல் இருந்தது. மேஜைக்கு அடியில் இரண்டு பாதங்களும் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டிருந்ததாகப் பூட்டு பிறகு சொன்னார்.

"உங்களுக்கு ஏதாவது வரலையாம்மா?"

"இல்லைங்க. எல்லாம் வருது."

என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பூட்டு மூலைக்குப் போனதும் பின்னாலேயே போய்ச் சொன்னேன். அக்காவின் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலை பார்க்கிறார். நடுக்கடலில் இருக்கும்போது போன் கிடைக்காது. கப்பல்கள் எங்கே போகின்றன என்று காட்டும் ஒரு வரைபடம் இணையத்தில் உண்டு. அதில் அவருடைய கப்பல் ஒரு புள்ளி. அக்கா நாள் முழுக்கத் திரையின் ஓரத்தில் அதைத் திறந்து வைத்திருப்பார். நேற்று அந்தப் பாதையில் புயல் கிளம்பியிருக்கிறது. இன்று காலை பார்த்தபோது புள்ளி புயலின் விளிம்பில் இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டோம்.

"அப்ப ஏன் கத்தல?" என்றார் பூட்டு.

"கத்தணும்னா ஆடிட்டர்கிட்ட காரணம் சொல்லணும். புயல்னு வாயால சொல்லவே அவங்களுக்குப் பயம்."

பூட்டு மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்க வீட்லயும் ஒருத்தி இருக்கா" என்றார். "வீட்லயும் இதே மாதிரிதான் மூடி வெச்சேன். பொண்ணு கத்துனா, திறந்தேன். சம்சாரம் கத்தவே இல்ல. பக்கத்து வீட்டுக்குப் போய் அவங்க கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு வந்துட்டிருந்தா. ரொம்ப நாளா எனக்குத் தெரியாது. இவளுக்கு எதுவும் தேவையில்லன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

எழுந்தார். ஆடிட்டர் அறைக்குள் போனார். கதவு திறந்தே இருந்தது. கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை என்பதால் கேட்டோம்.

"சார், ஒண்ணு திறக்கணும்."

"யார் கேட்டா?"

"யாரும் கேக்கல."

"அப்புறம் எதுக்கு?"

"கேக்காததாலதான் சார்."

ஆடிட்டருக்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை. "என்ன பக்கம்?"

"கப்பல் எங்க போகுதுன்னு காட்டுற படம்."

"ஆடிட் ஆபீஸ்ல கப்பலுக்கு என்னய்யா வேலை?"

பூட்டு கழுத்திலிருந்த டார்ச்சை உருட்டினார். யாருக்கு என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்கு உள்ளே பதறியது. அவர் சொல்லவில்லை. பெரிய யோசனைக்குப் பிறகு, "கப்பலைத் திறந்தா எல்லாருக்கும் திறப்பேன் சார். அந்தக் கையோட செஸ்ஸையும் எல்லாருக்கும் திறந்துடலாம். அது மூளைக்கு நல்லதுதானே" என்றார்.

ஆடிட்டர் திறந்திருந்த கதவைப் பார்த்தார்.

"மூளைக்கு நல்லதுதான்" என்றார் ஆடிட்டர்.

பூட்டு வெளியே வந்தபோது, வாழ்க்கையில் முதல் முறையாக லஞ்சம் கொடுத்த மனிதரைப் போல இருந்தார். நேராக மூலைக்குப் போய் உட்கார்ந்தார். "அம்மா, கப்பல் பக்கத்த இப்பப் பாருங்க. வருதா?"

அக்கா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் விசையைத் தட்டினார். பக்கம் வந்தது. ஆனால் ஓரச் சட்டம்தான் வந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. அந்தப் பக்கம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லையாம். வரைபடம் ஓரிடம், புள்ளிகள் வேறிடம். ஒவ்வொன்றாகத் தேடித் திறக்க வேண்டும் என்றார் பூட்டு.

"இப்ப?"

"இல்ல" என்றார் அக்கா. எனக்கே கேட்கவில்லை.

"இங்க கேக்கலம்மா. சத்தமா சொல்லணும். வந்துச்சா?"

"இல்ல."

"கேக்கல!"

"வரல!" என்று அக்கா கத்தினார். கேஷியரின் கையிலிருந்து பேனா விழுந்தது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பது எங்களுக்குத் தெரியாது. "கடல் வந்துடுச்சு, கப்பல் வரல!"

"கப்பல் எங்க இருந்து வருதுன்னு பாக்கறேன்... இருங்க... இப்ப?"

வெறும் நீலமாக இருந்த கடலில் ஒன்று, இரண்டு என்று புள்ளிகள் தோன்றின. பிறகு மணலை வாரி இறைத்ததுபோல் திரை நிறைந்துவிட்டது. அக்கா முகத்தைத் திரைக்கருகே கொண்டுபோனார். விரல் ஒரு புள்ளிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே அலைந்தது. சுழித்துக்கொண்டிருந்த புயலின் மேல் போய் நின்றது. அங்கே ஒன்றும் இல்லை. விரல் அங்கிருந்து மெல்ல நகர்ந்து, புயலைத் தாண்டி, கரைப் பக்கமாக வந்து நின்றது.

"வந்துடுச்சு" என்றார். இந்த முறை கத்தவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கேஷியர் பேனாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். எனக்கும் குனிய ஏதாவது விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பூட்டு எழுந்து வந்து, கொஞ்சம் தள்ளியே நின்று திரையைப் பார்த்தார்.

"எதும்மா?"

அக்கா காட்டினார்.

"ஓடுதா?"

"ஓடுதுங்க."

பூட்டு தலையை ஆட்டினார். அப்புறம் முழங்காலிட்டு எங்கள் மேஜைக்கு அடியில் புகுந்தார். நானும் குனிந்து பார்த்தேன். அக்காவின் கணினியிலிருந்து சுவருக்குப் போகும் வயரைத் தேடிப் பிடித்து, அதன் முனையைக் கட்டைவிரலால் ஓட்டைக்குள் அழுத்தினார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. மறுபடியும் ஒரு முறை அழுத்தினார்.