இருபத்து நான்கு கிலோமீட்டர்

என் காரின் டேஷ்போர்டுக்குள் ஒரு மஞ்சள் தாள் இருக்கிறது. வண்டியை சர்வீஸுக்கு விடும்போது மூன்று பிரதிகள் எழுதி, திரும்ப எடுக்கும்போது கடைசிப் பிரதியைக் கிழித்து நம் கையில் கொடுப்பார்களே, அந்த ஜாப் கார்டு. நான்கு வருடங்களில் மடிப்புகள் கிழிந்து எட்டு இடங்களில் டேப் ஒட்டியிருக்கிறேன். அதில் இருபத்தொரு வரிகள். பத்தொன்பது வரிகள் அச்சடித்த ஆங்கிலம். ஆயில், பிரேக், பேட்டரி என்று வழக்கமானவை. மீதி இரண்டும் கையால் எழுதிய தமிழ். ஒன்று சர்வீஸ் சூப்பர்வைசர் எழுதியது: "அம்மா உட்காரும் சீட்டில் உட்கார்ந்து பார்த்தாச்சு. அடி இல்லை." இன்னொன்று, அதற்குக் கீழே வாடிக்கையாளர் கருத்து என்ற கட்டத்தில் நான் எழுதியது.

சிதம்பரத்தில் முப்பத்து நான்கு வருடங்கள் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். ஓய்வு பெற்ற கையோடு, இரண்டாயிரத்து ஐந்தில், இந்தக் காரை வாங்கினேன். ஆசைக்கு வாங்கியதில்லை. என் மனைவிக்கு முதுகெலும்பில் நோய். வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமைகளில், கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வர வேண்டும். பஸ்ஸில் அவளால் உட்கார முடியாது. வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் பள்ளம் பார்த்து ஓட்டுவதில்லை. ஆகவே ஐம்பத்தெட்டு வயதில் நானே ஓட்டக் கற்றுக்கொண்டேன். பின் இருக்கையில் இடது பக்கம் இரண்டு தலையணைகளை முட்டுக்கொடுத்து அவளை உட்காரவைத்து, நாற்பதுக்கு மேல் முள் ஏறாமல் ஓட்டுவேன். எதைப் பார்த்தாலும் எண்ணுவது என் சுபாவம். எங்கள் வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை இருபத்தேழு வேகத்தடைகள். அவளுக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டே வருவாள். ரசாயன நெடி மூக்கில் ஏறினால் குடிகாடு, இனி கொஞ்ச தூரம்தான் என்று தெரிந்துகொள்வாள்.

இரண்டாயிரத்து எட்டில், கோடை தொடங்கும்போது, வண்டியின் பின்பக்கம் ஒரு சத்தம் வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த எனக்கு அது சரியாகக் கேட்கவில்லை. அவளுக்கு அது முதுகில் இறங்கியது. ஒவ்வொரு வேகத்தடையிலும் டொக்கென்று ஒரு இடி, கூடவே ஒரு சிறு முனகல். இருபத்தேழு தடைக்கு இருபத்தேழு முனகல். திரும்பி வரும்போது மறுபடியும் இருபத்தேழு. வண்டி வாங்கிய கம்பெனியின் சர்வீஸ் சென்டர் கடலூரில்தான் இருந்தது. மூன்று முறை கொண்டுபோய் விட்டேன். மூன்று முறையும் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்பது நாற்காலிகள் போட்ட குளுகுளு அறையில் உட்காரவைத்தார்கள். உள்ளே வாடிக்கையாளர்களுக்கு அனுமதி இல்லை என்று பலகை. யாரோ ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவார். "வண்டில ஒண்ணும் இல்ல சார். ரோடு அப்டி" என்பார். ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் எனக்குமே ஒன்றும் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு திரும்புவேன்.

நான்காவது முறை போனபோது என் புகார்களைப் பதினொரு குறிப்புகளாக வரிசையெண் போட்டு எழுதிக்கொண்டு போனேன். அன்றைக்கு என்னிடம் வந்தவர்தான் அந்த சூப்பர்வைசர். முப்பத்தைந்து வயது இருக்கும். சொந்த ஊர் சேத்தியாத்தோப்பு. பதினொன்றையும் நிதானமாகப் படித்துவிட்டு, அந்தத் தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டார். "அம்மா எந்தப் பக்கம் உக்காருவாங்க சார்?"

சொன்னேன். அவர் ஷூவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, பின் இருக்கையில் இடது பக்கம் ஏறி, அந்த இரண்டு தலையணைகளையும் முதுகுக்கு வைத்துக்கொண்டு சாய்ந்தார். "அம்மாவ இட்டுக்கினு போற மாதிரியே ஓட்டுங்க சார். நான் ஒருத்தன் இருக்கறதையே மறந்துடுங்க" என்றார். கண்ணாடியில் பார்த்தேன், கண்களை மூடியிருந்தார். இரண்டாவது வேகத்தடையில் அவருடைய கை தானாக இடுப்புக்குப் போனது. மூன்றாவதில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்.

"சார், இத போய் சத்தம்னு எழுதிக்கினு வந்திருக்கீங்க. இது அடி. எத்தினி நாளா இப்டி போறாங்க?"

"பதினோரு செவ்வாய்க்கிழமை" என்றேன்.

அவர் தலையணைகளை முன்பு இருந்தபடியே எடுத்து வைத்தார். பிறகு, "நாலு மணிக்கு வாங்க சார். அம்மா தூங்கிக்கினே போற மாதிரி பண்ணிடலாம்" என்றார்.

வண்டியை ஒப்படைத்தபோது மீட்டரில் 21,416. அதைக் குறித்துக்கொண்டேன், எப்போதும் குறித்துக்கொள்வேன். நான்கு மணிக்குப் போனால் வண்டி இல்லை. நான்கு ஐம்பதுக்கு வந்தது. அவர் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. "முடிஞ்சிடுச்சி சார், நல்லா பாத்துட்டேன்" என்று சாவியைக் கொடுத்தார். கூடவே தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "ஒரு வாரத்துல கம்பெனிலேர்ந்து ஃபோன் வரும் சார். சர்வீஸுக்குப் பத்துக்கு எத்தினின்னு கேப்பாங்க. பத்துன்னு சொல்லிடுங்க சார்."

எனக்குச் சுருக்கென்றது. முப்பத்து நான்கு வருடங்களில் மதிப்பெண் கேட்டு என் முன்னால் நின்றவர்களுக்கு நான் ஒன்றே ஒன்றுதான் செய்திருக்கிறேன், குறைத்திருக்கிறேன். அந்த எரிச்சலோடு மீட்டரைப் பார்த்தேன். 21,440. இருபத்து நான்கு கிலோமீட்டர் கூடியிருந்தது. ஐம்பது நிமிடம் தாமதம் ஏன் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டதாக நினைத்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு யாரோ சொந்த வேலையாக ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கிறார்கள். மைப்பேனாவைத் திறந்து, ஜாப் கார்டில் அவர் எழுதியிருந்த வரிக்குக் கீழே, கருத்துக் கட்டத்தில் எழுதினேன்: "என் அனுமதியின்றி வண்டி 24 கி.மீ. ஓட்டப்பட்டுள்ளது." கம்பெனிப் பிரதியில் எழுதியதோடு நிற்காமல், சாட்சிக்கு இருக்கட்டும் என்று என் மஞ்சள் பிரதியிலும் எழுதிக்கொண்டேன். அவர் நின்றபடியே அதைப் படித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். உள்ளேயிருந்து ஒரு மெக்கானிக், "அண்ணே, வெள்ள வண்டிக்காரரு கத்துறாரு, வா" என்று கூப்பிட்டார். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை என் மனைவி காரில் தூங்கினாள். முதல் தடையைத் தாண்டியதும் முனகலுக்காகக் காது கொடுத்தேன், வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை. குடிகாட்டு நெடிகூட அவளை எழுப்பவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திய பிறகு கண் விழித்து, "ஆலப்பாக்கம் தாண்டிடுச்சிங்களா?" என்று கேட்டாள். அது குடிகாட்டுக்கும் முன்னால் வருகிற ஊர். இருபத்தேழு தடைக்கு ஒரு முனகல்கூட இல்லை. என் வாழ்க்கையில் நான் எண்ணியவற்றில் எனக்குப் பிடித்த கணக்கு அதுதான்.

இரண்டு நாள் கழித்து ஃபோன் வந்தது. ஒரு பெண் மரியாதையாக, "சர்வீஸுக்குப் பத்துக்கு எவ்ளோ குடுப்பீங்க சார்?" என்றாள். நான் யோசித்தேன். வேலை சுத்தம், அதில் சந்தேகமில்லை. ஆனால் கேட்டு வாங்கப் பார்த்ததற்கு ஒன்று குறைத்தேன். அந்தக் கிலோமீட்டருக்கு இன்னொன்று. "எட்டு" என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன். நூற்றுக்கு எண்பது என்பது என் விடைத்தாள் கட்டுகளில் எத்தனை பேர் பார்த்த எண்?

பக்கத்தில் படுத்திருந்த மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். "எட்டா சொன்னீங்க?"

"என்கிட்ட எட்டு வாங்கறது லேசு இல்ல."

"அந்தத் தம்பி உங்ககிட்ட பரிட்சையா எழுதிச்சி?" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து அடுத்த சர்வீஸுக்குப் போனபோது அவர் இல்லை. மேசையிலிருந்த பெண்ணிடம் விசாரித்தேன். "அவரு நின்னுட்டாரு சார். ஸ்கோர் கொறைஞ்சிடுச்சின்னு வாட்டர் வாஷ் பக்கம் போட்டாங்க. வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போய்ட்டாரு."

"என்ன ஸ்கோர்?"

"ஃபோன்ல கேப்பாங்கல்ல சார், அதான். ஒம்போது பத்து குடுத்தா எங்களுக்கு ஒண்ணு. அதுக்குக் கீழ எத குடுத்தாலும் சைபர். அந்த மாசம் அவருக்கு மூணு எட்டு விழுந்துடுச்சி. அதுல ஒரு கஸ்டமரு வண்டிய வெளிய ஓட்டிட்டாருன்னு வேற எழுதி வச்சிட்டாரு."

எட்டு என்றால் சைபர். இப்படி ஒரு கணக்கை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. மேனேஜரைப் பார்த்து, எட்டைப் பத்தாக மாற்றிக்கொள்ளுங்கள், எழுதியதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன். அவர் கம்ப்யூட்டரைக் காட்டி, "ஏறினது ஏறினதுதான் சார்" என்றார். தலைமை அலுவலகத்துக்கு ஏழு கடிதங்கள் எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது. தங்கள் மேலான கருத்துக்கு நன்றி என்று அச்சடித்திருந்தது.

அடுத்த வருடம் கோடையில் அந்த அடி மறுபடி தொடங்கியது. கம்பெனியில் புதிதாக வந்தவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு, "நார்மல் சார்" என்றார். சிதம்பரத்தில் இரண்டு மெக்கானிக்குகளிடம் காட்டினேன். கிரீஸ் வைத்தார்கள், ஒரு வாரம் தாங்கியது. வேறு வழியில்லாமல், விசாரித்து விசாரித்து, சேத்தியாத்தோப்புக்கே போனேன். அவர் ஒரு டிராக்டர் பட்டறையில் இருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். நான் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்த மன்னிப்பை ஆரம்பிப்பதற்குள், "அம்மா எப்டி இருக்காங்க சார்?" என்று கேட்டுவிட்டார்.

அடி திரும்ப வந்ததைச் சொன்னேன். அவர் விளக்கினார். பின் அச்சைத் தாங்குகிற இடத்தில் ரப்பர் வளையம் ஒன்று உண்டு, புஷ் என்பார்கள். அந்த ரோட்டுக்கு ஒன்றிரண்டு வருடத்தில் தேய்ந்துவிடும். "மாத்தறது பெருசில்ல சார். வண்டிய மேல தூக்கி, காலியா இருக்கறப்பவே போல்ட்ட முறுக்கிடுவாங்க. ஆள் ஏறி உக்காந்ததும் ரப்பர் முறுக்கிக்கினு திரும்ப அடிக்கும். கீழ எறக்கி, ஆள உக்கார வச்சி, அந்த வெய்ட்டுல டைட் பண்ணணும். அன்னிக்கு அதான் லேட்டு. மொத தரம் முடிச்சி குடிகாடு வரிக்கும் போய் வந்தோம், லேசா இருந்துச்சி. அப்பறம் அம்மா எடத்துல நான் உக்காந்துக்கினு பையன முறுக்கச் சொல்லி, இன்னொரு தரம் குடிகாடு போய் வந்தோம். அம்மா தூங்கணும்னு சொல்லிட்டேனே சார்."

போக ஆறு, வர ஆறு, இரண்டு தடவை. நான் அங்கேயே நின்று பெருக்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்க எழுதிட்டீங்களே சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

காரை அவரே செய்து தர முடியுமா என்று கேட்டேன். புஷ்ஷை அழுத்தி ஏற்றும் மிஷின் அந்தப் பட்டறையில் இல்லை. ஒரு தாளில் செய்முறையை எழுதிக் கொடுத்தார். "இத அவுங்ககிட்ட குடுங்க. நீங்க ஓட்டாதீங்க சார், பின்னாடி உக்காந்து பாருங்க" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாங்கி நான்கு வருடமாகியும் அவள் உட்கார்ந்த இடத்தில் நான் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை.

கம்பெனியில் அந்தத் தாளை வாங்கிப் படிக்கவே இல்லை. மெக்கானிக் வேலை செய்யும்போது வண்டிக்குள் ஆள் உட்காருவது பாதுகாப்பு விதிக்கு விரோதம் என்றார்கள். புஷ்ஷை மாற்றினார்கள், இரண்டு வருடத்தில் நான்கு முறை மாற்றினார்கள். நான்கு முறையும் தூக்கி வைத்து, காலியாகவே முறுக்கினார்கள். ஒவ்வொரு முறையும் நான் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் என் முதுகில் அந்த அடி விழுந்தது. தடைகள் முப்பத்து நான்காகிவிட்டன. ஆனால் முனகல்கள் மட்டும் குறைந்துகொண்டே வந்தன. இருபது, பன்னிரண்டு, ஐந்து. வண்டி சரியாகவில்லை என்று எனக்குத் தெரியும். நான் எண்ணுகிறேன் என்று தெரிந்து அவள் அடக்கிக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தால் முந்தானை நுனியைப் பல்லில் கடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தபோது அவள் இல்லை, போகவேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. அடி திரும்பிய பிறகு நாங்கள் போய்வந்த செவ்வாய்க்கிழமைகள் நூற்றுப் பதினெட்டு. அவள் தூங்கிக்கொண்டு போனவை ஐம்பத்து மூன்று. அந்த ஐம்பத்து மூன்றும் அவர் கொடுத்தவை.

காரை விற்கவில்லை. கெடு வந்தால் இன்னும் சர்வீஸுக்கு விடுகிறேன். போன மாதம் எடுத்துவந்தபோதும் அந்த அடி அப்படியே இருந்தது. இரண்டு நாளில் ஃபோன் வந்தது. அந்தப் பெண் கேள்வியை முடிப்பதற்குள் "பத்து" என்று சொல்லிவிட்டேன். இப்போது யார் கேட்டாலும் பத்துதான் சொல்கிறேன். "குறை ஏதாவது இருக்கா சார்?" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன்.

சேத்தியாத்தோப்பில் அந்தப் பட்டறை இப்போது இல்லை. அவர் எங்கே போனார் என்று ஐந்து பேரிடம் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. சில சமயம் கொட்டகையில் நிற்கும் வண்டியில் ஏறி, பின் இருக்கையில் இடது பக்கம் தலையணைகளோடு சாய்ந்து உட்கார்ந்து, மஞ்சள் தாளைப் பிரித்துப் பார்க்கிறேன். அவருடைய வரி மூன்றாவது பிரதியில் கார்பன் வழியாக விழுந்தது. வெளிறிக்கொண்டே வந்து, "அம்மா உட்காரும்" வரைதான் இப்போது படிக்க முடிகிறது. என்னுடையது மைப்பேனாவால் நேராக எழுதியது. அதில் ஓர் எழுத்துகூட மங்கவில்லை.