நோட்டின் நான்காவது கட்டம்

2024 ஜனவரி 12, வெள்ளிக்கிழமை, விடியற்காலை மணி 4.25. வாசல் விளக்கைச் சுற்றிப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானி இருபது டிகிரி காட்டியது. குன்றாண்டார்கோவில் பக்கத்து ஊர்க்காரர்களான எங்களுக்கு அது பெருங்குளிர்.

என் மனைவிக்கு இரண்டு வருடமாகச் சிறுநீரகம் வேலை செய்வதில்லை. செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணிக்குப் புதுக்கோட்டையில் டயாலிசிஸ். எங்கள் வாசலிலிருந்து மருத்துவமனை வாசல் வரை 27.4 கிலோமீட்டர், 5.10-க்குக் கிளம்பியாக வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. ஒரு முறை தவறினாலும் அவளுக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கும். என்னிடம் இருப்பதோ பதினாறு வருடப் பழைய டீசல் கார்.

டிசம்பர் பிறந்ததிலிருந்து அந்தக் கார் காலையில் மட்டும் என்னைச் சோதித்தது. ஏழு முறை, ஒன்பது முறை செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கும். பிடித்ததும் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு உடம்பெல்லாம் உதறும். ஒரு நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் ஒரு மெக்கானிக்கிடம் மூன்று முறை கொண்டுபோய்க் காட்டினேன். அங்கே மூன்று முறையும் முதல் திருகலிலேயே ஸ்டார்ட் ஆனது. பேட்டரியாகத்தான் இருக்கும் என்று நானே அடம்பிடித்துப் புதிதாக மாற்றினேன். பலனில்லை. நான்காவது முறை போனபோது அவர் சிரித்துவிட்டார்.

"சார், இருவத்தேழு கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கி எடுத்துட்டு வாரீங்க. காய்ச்சல் விட்டப்புறம் புள்ளையத் தூக்கிட்டு வந்து காய்ச்சலப் பாருன்னா நான் என்னத்தப் பாக்குறது? ஒரு ராத்திரி வண்டிய இங்கிட்டு விட்டுட்டுப் போங்க."

இரவில் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வண்டி வேண்டுமே என்றேன்.

"சரி, வெள்ளிக்கிழமை நானே வாரேன். வண்டியத் தொடாம வைங்க."

சொன்னபடி அந்தப் பனியில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு பைக்கில் வந்து இறங்கினார். அவருக்கும் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கட்டுமாவடியில் பல வருடம் போட் இன்ஜின் பார்த்தவராம். விடியற்காலை ஸ்டார்ட்டிங்தான் இன்ஜினுக்குப் பரீட்சை என்றார்.

என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். எட்டாவது முறை பிடித்தது. வண்டி உதறும்போதே பானட்டுக்குள் கையை விட்டு, புகைக்குழாயின் நான்கு கிளைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டார். என்னையும் தொடச் சொன்னார். ஒன்று மட்டும் சுட்டது. மற்ற மூன்றும் இரும்பின் குளிர்ச்சியோடு இருந்தன.

"ஒத்த ஆளு இழுக்குறான், மூணு பேரு தூங்குறான்" என்றவர் வண்டியை அணைக்கச் சொன்னார். "குளிர்ல டீசல் பிடிக்க உள்ள சூடு வேணும் சார். அந்தச் சூட்டக் குடுக்குற ஹீட்டர் பிளக் போயிருச்சு. எதுக்கும், தெனமும் எழுதி வைக்கிறேன்னு சொன்னீங்களே, அந்த நோட்டக் காமிங்க."

நான் மின் கணக்கெடுக்கும் வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் எழுதாமல் இருக்க முடியாது. தேதி, டிகிரி, எத்தனை செல்ஃப் என்று மூன்று கட்டம் போட்டு வைத்திருந்தேன். அவர் டார்ச் வெளிச்சத்தில் விரலை ஓட்டினார். இருபத்துநான்கு டிகிரி இருந்த நாளில் ஒன்று. இருபதில் ஒன்பது.

"சரியா இருக்கு. இதென்ன நாலாவது கட்டம்?"

"வீட்டம்மா தாமதம். நிமிஷக் கணக்கு."

அதையும் எழுதியிருந்தேன். நான் அல்லாடிக்கொண்டிருக்கும்போது அவள் கண்ணாடியைக் காணோம், பையைக் காணோம் என்று சாவகாசமாக வருவாள். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே ஓட்டுவேன்.

அவர் மறுபடியும் விரலை ஓட்டினார். "இதப் பாத்தீங்களா சார்? வண்டி ஒரே செல்ஃப்ல பிடிச்ச மூணு நாளும் அம்மா சைபர். மக்கர் பண்ண ஒம்பது நாளும் லேட்டு. என்னங்கம்மா, ஒங்களுக்கும் ஹீட்டர் பிளக் வேணுமா?"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். பாதி திறந்த கதவுக்குப் பின்னால் கண்ணாடி போட்டு, பையைத் தோளில் மாட்டி, நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள்.

"நான் போயி வண்டில ஒக்காந்தா அவுகளுக்குப் படபடப்பு ஏறிரும், கை நடுங்கும்" என்றாள், என்னிடம் இல்லை, அவரிடம். "அதான், வண்டி பிடிச்ச சத்தம் கேக்கட்டும்னு இங்கனயே நிப்பேன்."

பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நின்றால் கால் வீங்குகிறவள். உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்து வந்து காருக்குப் பக்கத்தில் போட்டு, அவளை உட்கார வைத்தேன்.

மெக்கானிக் பழைய பிளக்குகளைக் கழற்றிப் பேட்டரியில் வைத்துக் காட்டினார். ஒன்று சிவந்தது, மூன்று கறுப்பாகவே கிடந்தன. சந்தேகப்பட்டுச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்த புதிய நான்கையும் மாட்டினார். மணி 5.08. அவள் பார்த்துக்கொண்டிருக்கச் சாவியைத் திருப்பினேன். கை நடுங்கத்தான் செய்தது. ஒரே செல்ஃப்.

அவள் டயாலிசிஸில் இருந்தபோது வராந்தாவில் உட்கார்ந்து நான்காவது கட்டத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஒன்பது காலைகளில் நாற்பத்தேழு நிமிடம். அதன்பிறகு அந்தக் கட்டத்தில் நான் எதுவும் எழுதுவதில்லை. முதலில் அவளை வண்டியில் உட்கார வைத்துவிட்டுத்தான் சாவியைத் தொடுகிறேன். நாற்பத்தேழு நிமிடம் அவள் எனக்காக நின்றதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று இன்றுவரை தெரியவில்லை. எழுதத் தெரிந்ததெல்லாம் பிளக் நான்குக்கு ஆயிரத்து எண்ணூறு, கூலி நானூறு, ஆக இரண்டாயிரத்து இருநூறு ரூபாய்.