குதிக்கிற பிள்ளைக்கு ஒரு கொலிஜ்

பலெர்மோவில் இருந்த காலத்தில் அக்கா தண்ணீரில் குதிப்பாள். நீந்துவதற்காக அல்ல, குதிப்பதற்காகவே குதிப்பாள். அம்மா வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா தன் மகளுக்குத் துணையாக அவளையும் நீச்சல் குளத்துக்கு அனுப்பினார். சிஞ்ஞோராவின் மகள் தடிமன் பிடித்துச் சில நாளிலேயே நின்றுவிட, துணைக்குப் போனவள் நிலைத்துவிட்டாள். மூன்று மீற்றர் உயரப் பலகையின் நுனியில் ஒரு துள்ளுத் துள்ளி, காற்றிலே சுருண்டு விரிந்து, சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போவாள். இத்தாலியர்கள் இதற்கு துஃபி என்பார்கள். எங்களிடம் அதற்குச் சொல் இருக்கவில்லை. வம்பு அங்கேதான் தொடங்கியது.

அது அவளுக்குப் பள்ளியில் கடைசி வருடம். பள்ளி முடிந்ததும் தரை துடைக்க இன்னொரு சிஞ்ஞோராவின் வீடு ஆயத்தமாக இருந்தது. ஆனால் அவளுடைய பயிற்சியாளர், அமெரிக்காவில் நன்றாகக் குதிக்கிறவர்களுக்குக் கல்லூரிகள் படிப்பையும் இருப்பிடத்தையும் இலவசமாகவே கொடுக்கின்றன, சரியான கல்லூரியாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். அமெரிக்காவில் எங்களுக்கு இருந்தது அம்மாவின் தம்பி ஒருவர்தான்.

மாமா இரவு வேலை முடிந்து வந்து, பலெர்மோவில் எங்கள் பகுதியான போர்கோ வெக்கியோவில் நாங்கள் ஞாயிறு பூசை கண்டு வீடு திரும்பும் நேரம் பார்த்து ரெலிபோன் எடுப்பார். அந்நேரம் அக்கா குளத்தில் இருப்பாள். ஆகவே விஷயத்தை அப்பாதான் சொல்லவேண்டி வந்தது. அப்பா மன்னார்க்காரர். குமர்ப்பிள்ளை ஒருத்தியைப் பற்றி 'குதிக்கிறாள்' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எங்கள் சனத்திடம் ஒரு பெண்பிள்ளை குதித்தாள் என்று சொன்னால், எந்தக் கிணற்றில் என்றுதான் கேட்பார்கள். அப்பா கொஞ்சம் யோசித்து, மரியாதையான சொல்லாக ஒன்றை எடுத்தார்.

"பிள்ளை நல்லாச் சுழியோடுவாள், தம்பி."

சுழியோடுவது என்றால் மூச்சடக்கிக் கடலின் அடிக்குப் போவது. மன்னாரில் சங்கும் முத்தும் எடுத்தவர்கள் செய்த வேலை. அதிலே ஒரு கௌரவம் இருந்தது.

"எத்தினை மீற்றர் ஓடுவாள், அத்தான்?" என்றார் மாமா.

"மூண்டு."

"மூண்டோ? எங்கட கிணறே அதை விட ஆழமெல்லோ!"

"இஞ்சை பத்தும் இருக்கு. ஆனால் பிள்ளை மூண்டிலைதான் கெட்டிக்காரி," என்றார் அப்பா, சற்று மனத்தாங்கலோடு.

மாமா மனிதர் சோம்பேறியல்ல. சில கிழமைகளுக்குள் ஒரு கல்லூரியைப் பிடித்துவிட்டார். கப்பலின் அடியில் போய் இரும்பு ஒட்டுகிற படிப்பாம். முடித்த கையோடு வேலையாம். குதிக்கத் தெரிந்தவர்களுக்கு அமெரிக்காவில் இப்படியும் ஒரு வழி இருக்கும் போல என்று அப்பா பூரித்துப்போனார். பிறகு வழக்கம்போல ரெலிபோன் என் கைக்கு வந்தது. அக்கா அடியில் எவ்வளவு நேரம் நிற்பாள் என்று மாமா கேட்டார்.

"அக்கா அடியிலை நிக்கிறேல்லை மாமா. மேலையிருந்து குதிக்கிறவா. தலைகீழா."

"கொம்மாட்டைக் குடு," என்றார் மாமா.

அம்மா ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் காற்றில் குதித்துக் காட்டி ஒருவாறு விளங்கப்படுத்தினார். அதன் பிறகு அக்கா ஞாயிறு காலைப் பயிற்சியை மட்டும் விட்டுவிட்டுத் தானே பேசினாள். சிஞ்ஞோராவின் மகன் அவளைப் படம் பிடித்துக் கொடுத்தான். இத்தாலிக் கசெட் அமெரிக்கப் பெட்டியில் ஓடாது என்று மாமா அதைக் கடையில் மாற்றி, கல்லூரிகளுக்கு அனுப்பினார். குதிக்கிறவர்களுக்கென்று தனிப் பயிற்சியாளர் உண்டா, அல்லது நீச்சல்காரரே இதையும் பார்ப்பாரா, தண்ணீரில் இறங்குமுன் பழக மண்டபம் இருக்கிறதா, அதே பலகைக்கு எத்தனை பெண்கள் காத்திருக்கிறார்கள் என்றெல்லாம் அக்கா கேட்பித்தாள். மாப்பிள்ளை வீட்டைப் பற்றிக்கூட நாங்கள் இவ்வளவு விசாரிப்பதில்லை. கடைசியில் இரண்டு கல்லூரிகள் மிஞ்சின. ஒன்று பெரியது, பத்து மீற்றர் கோபுரம் உள்ளது. மற்றது ஏதோ ஒரு மூலையில், இரண்டு பலகை மட்டும். வீட்டில் எல்லாரும் கோபுரத்தின் பக்கம். நானும்தான்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அக்காவுக்குத் தலை பின்னும் வேலை எனக்குக் கிடைத்தது. முன்பெல்லாம் நான் சீப்பைத் தொட்டாலே சீறுவாள். இப்போது தானே சீப்பைக் கொண்டுவந்து என் முன்னால் தரையில் இருப்பாள். எனக்குக் கை திருந்திவிட்டது என்று வகுப்பெல்லாம் சொல்லித் திரிந்தேன். மேல் தட்டிலிருந்த சீனிப் பேணியைக்கூட, என்னிலும் உயரமான அவள், என்னைக் கதிரையில் ஏற்றித்தான் எடுப்பித்தாள். என்னை மதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு பயிற்சியாளர்களோடும் பேச மாமா ஒழுங்கு செய்தார். அக்காவும் பயிற்சியாளரும் ஒரே லைனில், நடுவில் மாமா மொழிபெயர்ப்பு. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நாங்கள் சுற்றி நின்றோம். கோபுரக்காரர் முதலில் வந்தார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அக்கா கேட்டாள்: "எனக்கு ஏதும் நடந்து குதிக்கேலாமப் போனால், படிக்க விடுவினமோ?"

அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். "உதைக் கேக்கக் கூடாது பிள்ளை," என்று மாமா மறுத்தார். அக்கா விடவில்லை. அந்த மனிதர் சிரித்தார், நெடுநேரம் பேசினார். மாமா அதைச் சுருக்கி, "வருசா வருசம் பாத்துத்தானாம்," என்றார்.

மற்றக் கல்லூரியில் ஒரு பெண். அவரிடமும் அதே கேள்வி. அவர் பட்டென்று ஏதோ சொன்னார்.

"ஓமாம்," என்றார் மாமா. பிறகு குழம்பிப்போய், "எங்கை நோகுதெண்டு கேக்கிறா. நான் சொன்ன இங்கிலிசு பிழைச்சுப் போச்சு போலை."

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அக்கா மட்டும் ரெலிபோனின் வயரை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"வந்து சொல்லுறனெண்டு சொல்லுங்கோ மாமா," என்றாள்.

அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. கோபுரத்தை விட்டுவிட்டு இரண்டு பலகைக்குப் போகிறாளே என்று அப்பா இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. எனக்கும் அவள் மேல் கோபம்தான். பள்ளியில் கோபுரத்தைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தேன்.

புறப்பட்ட அன்று விமான நிலையத்தில் அவளுக்கு இறுக்கிப் பின்னிவிட்டேன். அங்கிருந்து அவள் முதல்முறை ரெலிபோன் எடுத்தபோது, "உங்கை ஆர் அக்கா தலை பின்னிவிடுறது?" என்று கேட்டேன்.

"கட்டையா வெட்டிப்போட்டன்," என்றாள்.

போன உடனே பாஷன் வந்துவிட்டது என்று அம்மா ஏசினார். நான் அழுதேன், பாடுபட்டுப் பழகிய பின்னல் வீணாகிவிட்டதே என்று. வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் நொந்த ஒருத்தி, அந்தக் குளிர்காலம் முழுவதும் அந்தக் கையைத்தான் முதலில் தண்ணீருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரே வீட்டில் அவளோடு நாங்கள் இத்தனை பேர் இருக்க, எங்கே நோகிறது என்று கேட்டவர், அவளை நேரில் பார்த்தேயிராத ஒரு பெண்தான் என்பதும் தெரியாது.