ஃப்ரிட்ஜ் நிறையக் கறிவேப்பிலை

போன வாரம் ஒரு காலை. பக்கத்து வீட்டு மதினி ஐஸ் வாட்டர் எடுத்துக்கச் சொன்னாரே என்று அவர்கள் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பாட்டிலைக் காணோம். கறிவேப்பிலை… கட்டுக்கட்டாகக் கறிவேப்பிலை.

"சத்தம் போடாதீங்க தம்பி, அவரு காதுல விழுந்துரும்" என்றார் மதினி.

அவர் – சுந்தரம் அண்ணன். கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். போன மழைக்கு நிமோனியா வந்து, பிழைப்பாரா என்றே பயந்துவிட்டோம். வீடு திரும்பியவரைப் பார்க்க எங்கள் தல்லாகுளமே ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாகத் திரண்டு வந்தது. எல்லாரும் ஒரே பாட்டு: "அலையாதீங்கண்ணே, உக்காருங்க." நானும்தான் சொன்னேன்.

அண்ணன் உட்கார்ந்தார். இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்தே இருந்தார். சளி, காய்ச்சல், மறுபடி சளி…

கடைசியில் டாக்டர்தான் போட்டு உடைத்தார். "வயசானா நோயை எதிர்க்கிற செல்லுங்க மந்தமாயிரும்மா. உடம்பு அசைஞ்சாத்தான் ரத்தத்தோட அதுகளும் நல்லா ரோந்து சுத்தும். மெதுவா நடக்க விடுங்க. காய்ச்சல் அடிச்சா மட்டும் ரெஸ்ட். நடந்தா நோயே வராதுன்னு சொல்லல… வந்தா தாங்குற தெம்பு இருக்கும்."

யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் பாசம் என்றாலே ஆளை உட்கார வைப்பதுதானே? தண்ணீர் கைக்கு வரும், செருப்பு காலுக்கு வரும்.

அண்ணனோ வாக்கிங் என்றாலே முறைப்பார். "வேலவெட்டி இல்லாம ரோட்டுல திரியச் சொல்றியா?"

மதினி அந்த வார்த்தையையே விட்டுவிட்டார். தினமும் தாளிக்கிற நேரத்தில் கறிவேப்பிலை தீர்ந்துபோகும், அவ்வளவுதான். காய் வாங்கினால் கொசுறாகக் கிடைக்கிற சாமான். அதற்காக அண்ணன் நாலு தெரு தாண்டிப் போய் வருவார்.

"அடுத்த மழை வருது தம்பி. மறுபடி மூக்குல ஆக்ஸிஜனோட அவரைப் பாக்க எனக்குத் தெம்பில்ல." மதினி ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினார்.

வெளியே வந்தால், வாசலில் அண்ணன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஃப்ரிட்ஜைப் பாத்துட்டியா?" என்றார் மெதுவாக.

"தண்ணி குடிக்கப் போனேண்ணே" என்று மழுப்பினேன்.

"வாங்கிட்டு வாரவன் நான்தானே, எனக்குத் தெரியாதா? அம்புட்டையும் யாரு திங்கிறது? நான் திரும்புற வரைக்கும் இந்தக் கேட்டைப் புடிச்சுக்கிட்டே நிக்கிறா தம்பி. ஆளு நடந்து வாரதப் பாத்ததும் அவ மொகம் தெளியுது. அதுக்காகத்தான் போறேன். எனக்குத் தெரியும்னு அவகிட்டச் சொல்லிறாத."

பையை எடுத்தவர், உள்ளே பார்த்துக் கேட்டார்: "ஏய், கருவேப்பில இருக்கா?"

"ஒரு இணுக்குகூட இல்லைங்க" – அடுக்களையிலிருந்து பதில் வந்தது.