பாதி தோலில், பாதி மண்ணில்

புங்கமரக் கிளையில் கட்டிய ஓட்டை வாளிக்குள் தோல் வில்லை போய் விழும்போது 'டொங்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்கத்தான் ஆம்பூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் பள்ளி விட்டதும் தோல் காயப்போடும் மைதானத்துக்கு ஓடுவோம். ஷூ கம்பெனியில் கழித்துப் போட்ட 'கட்பீஸ்'களைத் தட்டு மாதிரி வட்டமாக வெட்டினால் அதுதான் வில்லை. சுவரோரக் கோட்டிலிருந்து எறிந்து, விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிந்து, குறைந்த வீச்சில் வாளியில் போடுகிறவர் ஜெயித்தவர். நடுவே வரிசையாகத் தோல்கள் காயும். "தோலு மேல கால வெச்சா, கால கழட்டி வெச்சுட்டு வூட்டுக்குப் போங்க" என்பார் மேஸ்திரி. அதனால் வில்லை தோலில் விழுந்தால் கோட்டுக்கே திரும்ப வேண்டும் என்று நாங்களே சட்டம் போட்டிருந்தோம்.

பேரணாம்பட்டுப் பிள்ளைகளோடு ஆட எங்கள் தெருவிலிருந்து இரண்டு பேர் போகலாம் என்று ஆயிற்று. எங்களில் கெட்டிக்காரியான மேரிக்கு ஓர் இடம் நிச்சயம். இன்னோர் இடத்துக்கு எனக்கும் என் தோஸ்த் யூசுபுக்கும் போட்டி. இருவரும் சமமாக வந்துகொண்டிருந்தபோது அவன் வில்லை பாதி தோலிலும் பாதி மண்ணிலுமாக விழுந்தது.

"தோல தொட்டுச்சு. கோட்டுக்குப் போ" என்றேன்.

"பாதி மண்ணுலதான கெடக்குது. இங்கருந்தே எறிவேன்."

"தொட்டா தொட்டதுதான்."

"இன்னாடா, தோலு உங்க நைனாவோடதா?"

மேரி நடுவே வந்தாள். "பேஜார் பண்ணாதீங்க. மாத்துங்க."

'மாத்து' என்பது எங்கள் ஊர் வழக்கம். சண்டை வந்தால் இருவரும் வில்லையை மாற்றிக்கொண்டு கோட்டிலிருந்து ஒரு தரம் எறிய வேண்டும்; யார் எறிந்தது வாளிக்குக் கிட்டே விழுகிறதோ அவர் சொன்னதே சட்டம்.

யூசுபின் வில்லையைக் கையில் வாங்கியதுமே, நமத்துப்போன அப்பளம் போல அது துவண்டது. வயிற்றுத் தோல். என்னுடையது அப்பா பொறுக்கியெடுத்த முதுகுத் தோல், பலகை மாதிரி விறைப்பாக நிற்கும். எறிந்தேன், பாதி வழியில் சாய்ந்து, அதே தோலின் நட்டநடுவில் போய்ப் படுத்துக்கொண்டது. யூசுப் என் வில்லையை எறிந்தான். நேராகப் போய் வாளிக்கு அடியில் விழுந்தது.

"அத வெச்சுதான்டா நான் தெனம் ஆடுறேன்" என்றான், தோல் மேல் கிடந்த தன் வில்லையைக் காட்டி, கோபமே இல்லாமல்.

அவன் சொன்னது சட்டமாயிற்று, அவனே ஜெயித்தான். அவன் பேரணாம்பட்டு பஸ் ஏறும்போது, யாரும் கேட்காமலே என் வில்லையை அவனிடம் நீட்டினேன்.

"திருப்பிக் குடுப்ப இல்ல?"

"குடுக்காம, வறுத்தா துன்னப் போறேன்?"

அந்த மைதானம் இப்போது வீட்டுமனை. மரமும் இல்லை, வாளியும் இல்லை. போன மாதம் சத்துவாச்சாரிப் பக்கம் மகள் படிக்கும் கல்லூரியில், சங்கிலி தொங்கும் கூடைக்குள் பிளாஸ்டிக் வட்டு எறிந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். டிஸ்க் கால்ஃப் என்றாள் மகள். ஒரு வட்டு எல்லைக் கோட்டின் மேல் விழ, இரண்டு பிள்ளைகள் மல்லுக்கு நின்றார்கள். 'மாத்துங்க' என்று என் வாய்வரை வந்தது. அதற்குள் ஒருவன் போனைப் பார்த்து, வட்டின் ஓரம் கொஞ்சம் உள்ளே இருந்தாலும் அது உள்ளேதான் என்று படித்தான். அரை நிமிடத்தில் தகராறு தீர்ந்தது. ஒருவர் வட்டை மற்றவர் கையில் வாங்கிப் பார்க்கவே இல்லை.

அங்கிருந்தே யூசுபுக்குப் போன் போட்டு, அன்று அவன் சொன்னதே சரி என்றேன்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றான். "நான் திருப்பிக் குடுத்த அந்த வில்லை இன்னும் வெச்சிருக்கியா, அத சொல்லு."