யூஃப்ராசியா சுவருக்கு மேலே பார்த்தது

யூஃப்ராசியா லொபாதோன் முதன்முதலாக, காலோடு கட்டி நடக்கும் உயரக் கட்டைக்காலில் ஏறி நின்றபோது அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. உயரம் நாலடி பத்தங்குலம். வலது முழங்காலில் ஒரு பழைய அடி, லீமாவின் ஈரக்காற்று பட்டாலே குடையும். இதெல்லாம் தெரிந்த, அவள் குடியிருக்கும் சான் பெனிதோ காம்பவுண்டுக்காரர்கள், இவள் கால் எத்தனை நாளில் உடையும் என்று ஆளுக்கொரு கெடு சொன்னார்கள். வாசலில் டயர் பஞ்சர் ஒட்டும் கிரிசாந்தோ மட்டும், "ஒடையாதுய்யா. அவளுக்கும் தரைக்கும் நடுவுல தூரம் ரொம்பக் கம்மி" என்றான்.

கட்டைக்கால் பழகும் கொட்டகைக்கு அவள் முதலில் போனது கலை கற்க அல்ல, சண்டை போட.

விடிவதற்கு முன்பே மூலிகைத் தண்ணீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு பிரசவ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்விடுகிறவள் அவள். பார்லி, ஆளிவிதை, குதிரைவால் புல் எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்து, எலுமிச்சை பிழிந்து, கண்ணாடித் தம்ளரில் ஆற்றி ஆற்றிக் கொடுப்பாள். தூங்காத கண்ணோடு வரும் புது அப்பன்களிடம், "ஆணா, பொண்ணா?" என்று கேட்டுவிட்டுத்தான் தம்ளரை நீட்டுவாள். பதினோரு மணிக்குத் திரும்பி, இருபத்தெட்டு வீட்டுக்கும் பொதுவான ஒரே குழாயில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தால், சாயங்காலம்வரை அவள் ஊருக்கு இல்லை. புருஷன் பதினாறு வருஷத்துக்கு முன்னால் காட்டுப்பக்கம் மரம் அறுக்கப் போய், அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டான். மகள் மிலுஸ்கா சிலிநாட்டில் யாரோ வீட்டுக் குழந்தைகளை வளர்க்கிறாள். மிச்சமிருந்த சுகம் அந்த மத்தியானத் தூக்கம்தான்.

அந்தத் தூக்கத்தில்தான் மண் விழுந்தது. எதிரே பூட்டிக் கிடந்த சேமியா ஆலைக் கொட்டகையைக் 'கூரைக்காரர்கள்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு கூட்டம் சுத்தம் செய்து குடியேறியது. வெளியூர் ஆட்கள் இல்லை. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், தையல்காரிகள், கல்லூரிக்குப் போகிற பெண்கள், வேலை போன டிரைவர்கள் என்று எல்லாரும் இதே பாரியோஸ் ஆல்தோஸ் பேட்டை ஆட்கள்தான். சனிக்கிழமை ஆனால் முரசு, முகமூடி, நாடகம். மூன்று சனிக்கிழமை பொறுத்தவள், நாலாவது வாரம் கரண்டியும் கையுமாகப் புறப்பட்டாள்.

"யாருடா இங்க பெரியவன்? வெளிய வாங்க!"

முரசுகள் நின்றன. கொட்டகையின் விட்டத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"பெரியவங்கன்னு யாரும் இல்ல அத்தை. இப்போதைக்கு நான்தான் உயரம்."

காம்பவுண்டில் ஒன்பதாம் நம்பர் வீட்டு நெலிதா. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் இருபத்தேழு வயதுப் பெண். ஆள் உயரக் கட்டைக்காலில் நின்று சுவரின் மேல்முனையில் ஒரு கொண்டைக்குருவிக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தாள். நின்று என்று சொல்லக்கூடாது. இரண்டு காலையும் மாற்றி மாற்றி மிதித்தபடியே பூசினாள்.

திட்டுவதற்கு யூஃப்ராசியா நிறைய வார்த்தை கொண்டுவந்திருந்தாள். அண்ணாந்து பார்த்த கழுத்து வலியில் எல்லாம் மறந்துபோனது. கடைசியில் அவள் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"அங்கேருந்து பாத்தா என்னடி தெரியுது?"

"ஏறிப் பாருங்க."

பிறந்ததிலிருந்து அடுத்தவர் முதுகைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். பஸ்ஸில் போனால் அக்குள்கள், ஊர்வலம் பார்க்கப் போனால் தோள்கள். தேரில் வரும் சாமியை அவள் முழுசாகப் பார்த்தது கிடையாது. அடுத்த சனிக்கிழமை கரண்டி இல்லாமல் போனாள்.

முதல் மாதம் முழுக்க அவளுக்கு விழத்தான் கற்றுக்கொடுத்தார்கள். பழைய மெத்தைமேல் முன்பக்கமாக, முழங்கால் அடித்து, கையை ஊன்றாமல். அப்புறம் முழங்கால் உயரக் கட்டை. வாரால் காலோடு இறுக்கிக் கட்டி, சுவரைப் பிடித்து எழுப்பிவிட்டார்கள்.

"நிக்காதீங்க அத்தை! நின்னா சாஞ்சிடுவீங்க. மிதிச்சுக்கிட்டே இருங்க. கீழ பாக்காதீங்க, எதிர்ச் சுவரைப் பாருங்க!"

"எதிர்ச் சுவரு என்னையே பாத்து வருதேடி!"

விழுந்தாள், எழுந்தாள். கட்டையின் அடி வழுக்குகிறது என்று கேள்விப்பட்டு, கிரிசாந்தோ ஒருநாள் லாரி டயரிலிருந்து இரண்டு வட்டம் வெட்டிக் கொண்டுவந்து போட்டான்.

"இந்தா குட்டை. உனக்காக இல்ல. நீ விழுந்தா என் கடைமேல விழுவியேன்னுதான்."

"ஒன் கடைமேல விழுறதுக்கு நான் சாக்கடைலயே விழுவேன், போய்யா" என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலம் அவனுக்கு ஒரு தம்ளர் சூடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஆறு மாதத்தில் இடுப்புயரக் கட்டைக்கு வந்துவிட்டாள். மிலுஸ்கா போனில் படத்தைப் பார்த்துவிட்டு அழுதாள். "அம்மா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? விழுந்தா யாரு பாப்பா?" யூஃப்ராசியா யோசித்துவிட்டு, "பதினெட்டுப் பேரு பாப்பாங்க. முரசு அடிக்கிறவங்கள விட்டுட்டுச் சொல்றேன்" என்றாள். விளையாட்டாகச் சொன்னதுதான். போனை வைத்தபிறகு, அது நிஜம் என்று அவளுக்கே பட்டது.

அந்த வருஷம்தான் காம்பவுண்டின் பின்சுவர் ஊற ஆரம்பித்தது.

நூறு வருஷத்துக்கு மேலான, சுடாத மண்கல் சுவர். லீமாவில் மழை கிடையாது என்பதால் நின்றுகொண்டிருக்கும் சுவர். அதில் திடீரென்று இடுப்பளவுக்கு ஈரம் ஏறியது. பூச்சு கொப்பளித்து உதிர்ந்தது, உப்புப் பூத்தது. பின்வரிசை வீடுகளில் துணியெல்லாம் பூஞ்சை. தண்ணீர்க் குழாய்க்காரர் வந்து தட்டிப் பார்த்து, "எங்க குழாய்ல ஒழுக்கு இல்ல" என்று போய்விட்டார். அடுத்த வாரமே கட்டடச் சொந்தக்காரரின் வக்கீல் வந்தார். சொந்தக்காரரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. வக்கீலை மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

"சுவர் விழப்போகுது. உங்க உயிருக்காகத்தான் சொல்றேன், காலி பண்ணுங்க."

காலி செய்த இரண்டு வீட்டு வாசலையும் அன்றைக்கே செங்கல் வைத்து அடைத்தார்கள். அக்கம்பக்கத்தில் எத்தனையோ காம்பவுண்டு இப்படித்தான் போனது. ஆள் போனதும் இடிப்பார்கள், பொம்மைக் கிடங்கும் பிளாஸ்டிக் கிடங்கும் கட்டுவார்கள். கைக்குழந்தையோடு இருந்த மூன்றாவது குடும்பமும் சாமானைக் கட்ட ஆரம்பித்தது. யூஃப்ராசியாவும் தன் வண்டியை எங்கே நிறுத்துவது, எந்த ஏரியாவுக்குப் போவது என்று மனசுக்குள் தேட ஆரம்பித்துவிட்டாள். பிறந்த அறை அது. அவள் அம்மா செத்ததும் அங்கேதான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவிழா ஊர்வலத்துக்கு ஒத்திகை நடந்தது. கொட்டகை போதாமல் பின்தெருவுக்குப் போனார்கள். அந்தத் தெருவில், காம்பவுண்டின் பின்சுவரை ஒட்டி ஒரு காலி மனை. ஒன்றரை ஆள் உயர மதில், பூட்டிய இரும்புக் கதவு. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. யூஃப்ராசியா அன்று மஞ்சள் சாட்டின் காற்சட்டை போட்டு, இதுவரை ஏறியதிலேயே உயரமான கட்டையில் வந்தாள். மதிலைக் கடக்கும்போது தலையைத் திருப்பினாள்.

உள்ளே, காம்பவுண்டுச் சுவரின் அடியில் நீளமாக ஒரு குழி வெட்டியிருந்தது. குழியில் ஒரு பச்சை ரப்பர்க் குழாய். அதிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. குழி நிறைந்து, சுவர் அதைக் குடித்துக்கொண்டிருந்தது.

ஊர்வலம் முன்னே போய்விட்டது. அவள் மட்டும் மதிலுக்கு எதிரே நின்ற இடத்திலேயே மிதித்துக்கொண்டிருந்தாள். நெலிதா திரும்பி வந்தாள்.

"என்ன அத்தை, சுளுக்கா?"

"சுளுக்கு இல்லடி. நம்ம வீட்ட ஊறவெச்சிக்கிட்டிருக்கான்."

நெலிதாவும் எட்டிப் பார்த்தாள். விஷயம் தெரிந்ததும் கிரிசாந்தோ கடப்பாரையோடு ஓடிவந்தான்.

"பூட்ட ஒடைக்கிறேன். வக்கீலு வரட்டும், அவன் வாயிலயே அந்தக் குழாயச் சொருவுறேன்."

"ஒடைச்சா நாமதான் திருடங்க" என்றாள் யூஃப்ராசியா. மேலேயிருந்து பேசியதாலோ என்னவோ, அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நான் பாத்தத ஊரே பாக்கணும். கட்டைக்கால் கட்டத் தெரிஞ்ச அத்தனை பேரையும் கூப்புடு."

அரைமணி நேரத்தில் பதினோரு பேர் கட்டைக்காலில் அந்த மதிலோரம் மிதித்துக்கொண்டிருந்தார்கள். கையை நீட்டி, போனில் படம் பிடித்தார்கள். கீழே முரசு விடாமல் முழங்க, தெருவே கூடிவிட்டது. எட்டிப் பார்க்க முடியாதவர்களுக்கு யூஃப்ராசியா உரக்கச் சொன்னாள், பந்தய வர்ணனை மாதிரி: "இந்தா, குழி! இந்தா, குழாய்! இப்ப ஒருத்தன் ஓடிவந்து குழாயை மூடுறான், சிவப்புச் சட்டை! ஓடாதய்யா, மூஞ்சியைக் காட்டிட்டுப் போ!"

மறுநாள் காலை வண்டியை அவள் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவள் வண்டி நிற்காத திங்கட்கிழமை அதுதான் முதல். பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்குக் காம்பவுண்டு மொத்தமும் நடந்தது, முரசோடும் கட்டைக்காலோடும். வாசல் காவலர் கையை விரித்தார்.

"அதிகாரி இல்லம்மா. வெளியூர். அடுத்த வாரம் வாங்க."

அந்தக் காலத்துக் கட்டடம். ஜன்னலெல்லாம் ஆளின் தலைக்கு மேலே. யூஃப்ராசியா நாலு எட்டு நடந்து, கம்பிக்குள் பார்த்தாள்.

"இருக்காருய்யா! வாத்துக்கறிச் சோறு சாப்பிட்டுக்கிட்டிருக்காரு!"

உள்ளே ஃபோர்க் தட்டில் விழுந்த சத்தம் வெளியே கேட்டது. கூட்டம் வெடித்துச் சிரித்தது. அதிகாரி வாயைத் துடைத்தபடி ஜன்னலுக்கு வந்தார். ஓர் அதிகாரி முகத்தை நேருக்கு நேராக, அண்ணாந்து பார்க்காமல் பார்ப்பது அவளுக்கு அதுவே முதல் தடவை.

"பதறாதீங்க சார், சாப்பிடுங்க. முடிச்சிட்டு எங்ககூட வந்தா போதும். நாங்க காத்திருப்போம். ஆனா எங்களால நிக்க முடியாது, மிதிச்சுக்கிட்டேதான் இருப்போம். சத்தத்தப் பொறுத்துக்குங்க."

அவர் சோற்றை முடிக்கவில்லை. ஒரு பொறியாளரையும் கூட்டிக்கொண்டு அன்று மத்தியானமே வந்தார். மனைக் கதவு திறந்தது. தண்ணீர் இணைப்பு துண்டிக்கப்பட்டது, படமெல்லாம் கோப்பில் ஏறியது.

எல்லாம் அதோடு சரியாகிவிடவில்லை. வியாழக்கிழமை, காலி செய்துபோன வீடு ஒன்றின் பின்பக்கம் மடமடவென்று சரிந்தது. உள்ளே யாருமில்லை. யூஃப்ராசியா அந்த மண்குவியலைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். இரண்டு வாரம் முன்புவரை அந்த மூலையில் இரண்டு பெண் குழந்தைகள் படுத்துத் தூங்கினார்கள்.

பிறகு வேலைதான். மரத்தூண் முட்டுக் கொடுத்தார்கள். பொறியாளர் காட்டியபடி வைக்கோலும் மண்ணும் குழைத்துப் புதுக் கல் அச்சிட்டுக் காயவைத்தார்கள். கூரைக்காரர்கள் சனிக்கிழமைகளில் முரசை ஓரம் வைத்துவிட்டு மண் மிதித்தார்கள். "மிதிக்கிறது உனக்குக் கைவந்த கலையாச்சே" என்று கிரிசாந்தோ அவளைச் சேற்றுக் குழிக்குள் இறக்கிவிட்டான். அவள் அவனையும் உள்ளே இழுத்துப் போட்டாள்.

வழக்கு கோர்ட்டில் நடக்கிறது. எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. வக்கீல் இந்தப் பக்கம் வருவதில்லை, கடிதம் மட்டும் வருகிறது. ஆனால் சாமான் கட்டிய குடும்பம் கட்டவிழ்த்துவிட்டது. போன இரண்டு குடும்பத்தில் ஒன்று திரும்பி வந்தது. செங்கல் வைத்து அடைத்த வாசலைக் காம்பவுண்டே கூடி உடைத்தது. கிரிசாந்தோவின் கடப்பாரைக்கு அன்றுதான் வேலை வந்தது.

அக்டோபரில் சாமியின் தேர் ஊர்வலத்துக்கு மிலுஸ்கா ஊருக்கு வந்திருந்தாள். தெரு முழுக்கப் பக்தர்களின் ஊதா உடை, சாம்பிராணிப் புகை. கூட்டத்தின் ஓரமாக, கட்டைக்காலில், யூஃப்ராசியா. சாமி வந்தார். பூவும் வெள்ளியும் மெழுகுவர்த்தியுமாக மொத்தத் தேரும், அடி முதல் நுனி வரை, அவள் கண்ணுக்கு நேராக அசைந்து வந்தது.

கீழேயிருந்து மகள் கத்தினாள். "அம்மா! தெரியுதா?"

யூஃப்ராசியா மிதித்துக்கொண்டே, கையைத் தூக்கிச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அப்புறம் குனிந்து சொன்னாள்:

"எனக்குத் தெரியுது. ஒனக்குத் தெரியலன்னா சொல்லு, சனிக்கிழமை மூணு மணிக்கு வா. முதல்ல விழக் கத்துக்குடுப்பாங்க."